பூட்டிக் கிடக்கும் பட்டறை
(கோவையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்து நடத்தும் அம்மா அவர்களே, மூன்று நிகழ்ச்சிகளுக்கு நடுவில் இங்கும் வந்து உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் முதல்வர் ஐயா அவர்களே, கணபதியிலிருந்தும் பீளமேட்டிலிருந்தும் லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தை, நிறுத்திவிட்டு வந்திருக்கும் பட்டறைக்கார நண்பர்களே, பெற்றோர்களே, கண்ணுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்னொருவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். 1983-இல் இதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு தொழிற்பிரிவில் நான் சேர்ந்தபோது என் கையில் அரத்தைக் கொடுத்த ஆசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், அதனால் சொல்லவில்லை. ஐயா, உங்களுக்குத் தனி வணக்கம். மேடையில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேட்டேன், நீங்கள்தான் வரமாட்டேன் என்றீர்கள்.

மூன்று விஷயங்களைப் பேச வந்திருக்கிறேன். ஒன்று, மேல்நிலை வகுப்பில் தொழிற்பிரிவு. இரண்டு, தொழிற்பழகுநர் பயிற்சி, நாம் அப்ரண்டிஸ் என்று சொல்வது, கம்பெனியில் வேலை செய்துகொண்டே தொழில் கற்பது. மூன்று, இந்த வழியில் பெண்பிள்ளைகள்.

எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, வீட்டில் இரண்டு எருமைகள் இருந்தன. ஒன்று தவிடு வைத்தால்தான் மடியை விடும். இன்னொன்று கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்' என்று அம்மிச்சி சொல்வார். வாத்தியார் வேலைக்கு இதைவிட நல்ல பாடம் நான் இன்னும் கேட்கவில்லை.

ஒரு பையன் கதை சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் மில்லில் வேலை பார்க்கும் ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பன்னிரண்டாவதில் கணக்கில் பெயில். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். "இவனுக்குக் கணக்குன்னாலே வராதுங்கண்ணா, கூட்டிப் பெருக்கவாவது வெச்சுக்கங்க" என்றார். பெற்ற தாய், மகன் காதில் விழும்படி சொல்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, பள்ளியில் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார்.

சரி என்று வைத்துக்கொண்டேன். இரும்புச் சுருளை அள்ளினான், எண்ணெய் விட்டான், டீ வாங்கிவந்தான். மூன்று மாதம் போனது. ஒருநாள் லேத்தில் கடையும் டர்னர் வரவில்லை, சாயங்காலம் கொடுக்க வேண்டிய ஷாஃப்ட், இரும்புத் தண்டு, அப்படியே கிடக்கிறது. ஒரு முனை 40 மில்லிமீட்டர், மறுமுனை 30, நடுவில் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு டேப்பர், அதாவது சீராகச் சரியும் கூம்பு வடிவம், பிடிக்க வேண்டும். நானே லேத்தில் நின்றேன். இவன் பக்கத்தில் வந்து, "அண்ணா, இது முக்கோணம்தானுங்களே?" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். சாக்பீஸை எடுத்துக் கையில் கொடுத்து, வரை என்றேன். தரையில் உட்கார்ந்து வரைந்தான். பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழித்தால் 10, மையக்கோட்டுக்கு மேலே அதில் பாதி 5, நீளம் 50. ஐந்தை ஐம்பதால் வகுத்தால் 0.1. "இதுக்கு டேன் மதிப்புப் பார்க்கணும்ணா" என்றான். அட்டவணைப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்துத் தேடினான். 5 டிகிரி 43 மினிட். வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை அந்தக் கோணத்துக்கு அவனையே திருப்பி வைக்கச் சொன்னேன். கை நடுங்கியது. போல்ட்டை இறுக்கினான். நான் கடைந்தேன், அவன் மூச்சுவிடாமல் பார்த்தான். முடித்து, நீல மை தடவி, அது பொருந்த வேண்டிய ஸ்லீவுக்குள், அந்த உறைக்குள், விட்டுத் திருகி எடுத்தால், மை சுற்றிலும் ஒரே சீராக ஒட்டியிருக்கிறது, கோணம் சரி என்று அர்த்தம். பட்டறைக்காரர்களுக்குத் தெரியும் அது என்ன சந்தோஷம் என்று!

அப்போது அவன் கேட்டான்: "இதைத்தான் மூணு வருஷமா போர்டுல எழுதிப் போட்டாங்களாண்ணா?"

மில் ஷிஃப்ட் முடிந்து அம்மா வந்தார். ஷாஃப்டை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பம்புக்குப் போகிறது என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "அப்ப இவனுக்குக் கணக்கு வருமுங்களா?" என்றார். வரும் என்றேன். அந்த அம்மா அழுததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் அவனை ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் சேர்த்தோம். இரண்டு வருஷப் படிப்பு. அது முடிந்து ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் அப்ரண்டிஸ், தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ், அதற்குப் பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐ.டி.ஐ. போனால் படிப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். தொழிற்பிரிவில் பன்னிரண்டு முடித்த பிள்ளைக்கும் அதே இரண்டாம் ஆண்டுக் கதவு திறந்திருக்கிறது. இன்று அவர் கணினியால் இயங்கும் சிஎன்சி மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதுகிறார். அவர் என்றுதான் சொல்ல வேண்டும், அவன் இல்லை.

ஆடிக் கறக்க வேண்டிய பிள்ளையிடம் பத்து வருஷம் பாடிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. இயந்திரம், மின்சாரம், வேளாண்மை, நெசவு, அலுவலக மேலாண்மை, செவிலியம் என்று எத்தனையோ பிரிவுகள். இந்தப் பள்ளியிலும் தென்பக்கக் கட்டடத்தில் ஒரு பட்டறை இருந்தது. இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் எட்டு, ஒரு துளை போடும் இயந்திரம், ஒரு பழைய லேத். முதல் மூன்று மாதம் அரத்தால் இரும்பை ராவுவது, அதாவது தேய்ப்பது, மட்டும்தான் வேலை. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார் ஐயா. இடையில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் திரும்ப ராவ வேண்டும். ஐயா ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை, பிரிவு மூடப்பட்டது. இப்போது அந்த அறையில் உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. பல ஊர்களில் இதே கதைதான். தலைமையாசிரியர் அவர்கள் வருந்த வேண்டாம், இது உங்கள் காலத்துக்கு முன்னால் நடந்தது.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. தொழிற்பிரிவில் மேல்நிலை முடித்தவர்களை 1986-இல் அதற்குள் கொண்டுவந்தார்கள். சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியம் வழியாக ஒரு வருஷப் பயிற்சிக்குப் போகலாம். இன்றைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் இருக்கிற பட்டறை விரும்பினால் எடுக்கலாம். என் பட்டறையில் 11 பேர். சட்டம் என்னைக் கேட்கவில்லை, ஆனாலும் வருஷம் இரண்டு பேரை எடுக்கிறேன். 2019-இல் திருத்திய விதியில் பன்னிரண்டு முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்கிலேயே போடுகிறது.

பட்டறைக்கார நண்பர்களே, ஆள் கிடைக்கவில்லை என்று டீக்கடையில் தினமும் பேசுகிறோம். பழகுநர்களை எடுக்க எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறோம்? முதலாளிகளும் அம்மிச்சியின் எருமை மாதிரிதான். சட்டத்துக்குச் சிலர் அசைவார்கள், மானியத்துக்குச் சிலர். அரசு இரண்டையும் வைத்திருக்கிறது.

கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பிறந்த மாவட்டத்தில் நின்று இதைப் பேசுகிறேன். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பார்த்துக் கற்றவர். தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1945-இல் அவர் முயற்சியில் தொடங்கியதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பட்டறைக்குப் பூட்டு என்றால் மனசு கேட்கவில்லை.

மூன்றாவதாகப் பெண்பிள்ளைகள். நேரம் ஆகிவிட்டதென்று சீட்டு வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் உண்டு. மிச்சத்தைத் தொழிற்பயிற்சி நிலைய முதல்வர் ஐயா பேசுவார்.

என் கோரிக்கையைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பட்டறையைத் திறக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையை ஓடுகிற மெஷினில் நிறுத்தலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அரம், வைஸ், மூலைமட்டம், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் இருந்தால் முதல் வருஷத்துக்குப் போதும். நிரந்தர ஆசிரியர் வரும்வரை, ஓய்வு பெற்ற டர்னர்களும் ஃபிட்டர்களும் வாரம் இரண்டு மதியம் வந்து சொல்லித்தர அனுமதி வேண்டும். ஆறு பேர் என்னிடம் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு நாலரை அடி லேத் இருக்கிறது, இரண்டாம் வருஷத்துக்கு அதைப் பள்ளிக்குத் தருகிறேன். த்ரீ ஃபேஸ் மின் இணைப்புக்கு மாமன்ற உறுப்பினர் அவர்கள் மனது வைக்க வேண்டும்.

வாசல் பக்கம் மேசையில் மனு இருக்கிறது. போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து ஐயாவுடையது, இப்போதே போட்டுவிட்டார்.

நன்றி, வணக்கம்.