வளவில் பச்சை, விளக்கடியில் சிவப்பு

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் நகைக்கல் பார்த்துத் தரம் சொல்கிற தொழில் செய்பவன்.

சில மாதங்களுக்கு முன் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஆச்சி ஒரு மோதிரத்தை எடுத்து வந்தார்கள். “எங்க மாமா கொழும்பில இருந்து கொண்டாந்தது தம்பி. நிறம் மாறும்” என்றார்கள். அலெக்சாண்ட்ரைட் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல் 1830களில் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்தது. பட்டத்து இளவரசர் அலெக்சாண்டரின் பெயரை வைத்தார்கள். பேர்தான் அந்நியம். நவரத்தினத்தில் கேதுவுக்கென்று வைடூரியம் பதிக்கிறோமே, அதுவும் இதுவும் கிரைசோபெரில் என்ற ஒரே கனிமம். கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவில் 8.5. மாணிக்கத்துக்கு 9.

நிறம் மாற்றுவது துளியளவு குரோமியம். மாணிக்கத்தைச் சிவப்பாக்குவதும் அதே குரோமியம்தான். இந்தக் கல்லில் அது மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் விட்டுவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் தாராளம், கல் பச்சை. குத்துவிளக்கின் சுடரில் சிவப்பு தாராளம், கல் சிவப்பு. இந்தக் கல் விளையக் குரோமியத்தோடு பெரிலியம் என்ற உலோகமும் வேண்டும். பூமிக்குள் பெரிலியம் ஒரு வகைப் பாறையில் சேரும், குரோமியம் வேறு வகையில். இரண்டும் சந்திப்பதே அபூர்வம். சந்தித்த இடத்தில் சிலிக்கா மிகுந்திருந்தால் மரகதம் விளைந்துவிடும். அதனால்தான் இத்தனை அருமை.

மோதிரத்தை வளவில், அதாவது நடு முற்றத்து வெயிலில் பிடித்தேன். சாம்பல் கலந்த நீலம். உள்ளே விளக்கேற்றச் சொல்லிப் பார்த்தால் கத்தரிப்பூ நிறம். பச்சை எங்கேயும் இல்லை. எனக்கு மனசு கனத்தது. லென்ஸ் வைத்தேன். கிராமபோன் தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகள். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடு நேராக ஓடும். இது வனேடியம் என்ற உலோகத்தைச் சேர்த்து உலையில் வளர்த்த, மாணிக்க இனத்துக் குருந்தக் கல். அலெக்சாண்ட்ரைட் என்ற பேரில் ஊர் ஊராக விற்றிருக்கிறார்கள். விவரத்தைச் சொன்னேன். ஆச்சி சுடருக்கு நேராக ஒருமுறை விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, “மாமா ஏமாந்துட்டாகளா” என்று மட்டும் கேட்டார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையின் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தை நம்பாதீர்கள். அதில் நீலம் கூடுதல், சிவப்பு அடங்கிவிடும். பகலில் வாசலுக்கு வந்து பாருங்கள், அப்புறம் சுடர் முன்னால் பாருங்கள். நிறம் சரியாக மாறினாலும் ஆய்வுக்கூடச் சான்று இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அசல் அலெக்சாண்ட்ரைட்டையே உலையில் வளர்க்கிறார்கள், கண்ணால் பிரிக்க முடியாது.

நல்ல இலங்கைக் கல் ஒன்றை ஒரேயொரு முறை கையில் வைத்திருந்தேன். வளவில் முற்றிய மாவிலைப் பச்சை. இரண்டாம் கட்டு வாசல்படி தாண்டி விளக்கடிக்குப் போவதற்குள் மாதுளைச் சிவப்பு ஏறியிருந்தது. திரும்ப வெளியே வந்தேன், திரும்ப உள்ளே போனேன். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.