ஒரு மணி நேரத்துல 17 தடவை விழணும்னா விளையாடத்தான் வேணும்!

நடுவர் அவர்களே, எங்க அணித் தோழர்களே, வந்து உக்காந்ததுலேர்ந்து ஒரு தடவை கூட சிரிக்காத எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

கஷ்டமான இலக்கை நோக்கிப் போறவங்களை சோர்ந்து போகாம வச்சிருக்கிறது வைராக்கியமா விளையாட்டுத்தனமா, இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவி மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாதான் ஜெயிக்க முடியும், விளையாட்டு வினையாயிடும்னு. கூடவே மெய்வருத்தக் கூலி தரும்னு குறளை வேற எடுத்து வீசினாங்க. அம்மா, அது 619வது குறள். புத்தகத்தை மூடாம இன்னும் ரெண்டே ரெண்டு குறள் தள்ளிப் போயிருந்தா 621 வந்திருக்கும், அங்க துன்பம் வந்தா சிரிக்கச் சொல்றாரு வள்ளுவர். உடம்பை வருத்திக்கோன்னு சொன்ன அதே மனுசன்தான் அடுத்த அதிகாரத்தை ஆரம்பிக்கும்போதே சிரிப்போட ஆரம்பிக்கிறாரு. நீங்க பாதிலயே இறங்கிட்டீங்க.

நடுவர் அவர்களே, நடை பழகற குழந்தையைப் பார்த்திருப்பீங்க. 12 மாசத்துலேர்ந்து 19 மாசம் வரைக்கும் இருக்கற குழந்தைங்க விளையாடறதை வீடியோ எடுத்து எண்ணியே பார்த்திருக்காங்க, 2012ல வந்த ஆய்வு, சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 2,368 அடி வைக்குது, 17 தடவை விழுது. பதினேழு! நானெல்லாம் காலைல ரெண்டு தடவை தோத்தாலே போனை ஆஃப் பண்ணிட்டு போர்வையை இழுத்துப் போத்திக்கிற ஆளு. அந்தக் குழந்தை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப எந்திரிக்குது? வைராக்கியமா? ‘இந்த வருசத்துக்குள்ள நடந்தே தீருவேன்’னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கா? அந்தப் பக்கம் உருண்டு போன பந்து வேணும், அவ்வளவுதான் அதுக்கு. விழறதை அது தோல்வின்னே கணக்குல வைக்கல, ஆட்டத்துல ஒரு பகுதி. எதிரணி கவனிக்காம விட்டது இதைத்தான், கஷ்டமான இலக்குல ஆளைக் காலி பண்றது வேலை இல்ல, ஒவ்வொரு தடவை விழும்போதும் ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ன்னு நமக்கு நாமே எழுதிக்கிற தீர்ப்பு. விளையாடறவன் அந்தத் தீர்ப்பை எழுதறதே இல்ல.

குழந்தைக்கு சரி, பெரியவங்களுக்குன்னு கேப்பீங்க. ஆந்த்ரே கெய்ம்னு ஒரு விஞ்ஞானி, ஒரு உயிருள்ள தவளையை காந்தப்புலத்துல அந்தரத்துல மிதக்க விட்டவர், அதுக்கு 2000ல சிரிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் குடுக்கற இக் நோபல் கெடச்சுது. இவரோட குழு வெள்ளிக்கிழமை ராத்திரி சோதனைன்னு ஒரு பழக்கமே வச்சிருந்துச்சு, முக்கியமான ஆராய்ச்சி ஒரு பக்கம் ஓடும், இது சும்மா, பண்ணித்தான் பார்ப்போமேன்னு. பதினஞ்சு வருசத்துல சுமார் ரெண்டு டஜன் முயற்சி, பெரும்பாலும் படுதோல்வி, தேறினது மூணுன்னு அவரே நோபல் உரைல சொல்லியிருக்காரு. அந்த மூணுல ஒண்ணு, பென்சில் முனைல இருக்குமே கிராஃபைட், அதை சுத்தம் பண்ண ஒட்டி உரிச்சு குப்பைல போடற சாதா டேப் இருக்கில்ல, அதுல என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு பார்க்கப் போய் கிராஃபீனை, அதாவது ஒரே ஒரு அணு தடிமன்ல இருக்கற கார்பன் படலத்தை, பிரிச்சு எடுத்தது. 2010ல அவருக்கும் கூட வேலை பார்த்த நோவோசெலோவுக்கும் இயற்பியல் நோபல். வைராக்கியமா உக்காந்திருந்தா நாலாவது தோல்விலயே அந்த வெள்ளிக்கிழமையை கேன்சல் பண்ணியிருப்பாங்க.

என் கதையும் ஒண்ணு இருக்கு, சொல்றதுக்கே கூச்சமா இருக்கு. ஆய்வேடு எழுதற காலத்துல நாலு மாசம் ஒரு பக்கம் கூட நகரல, தினமும் வைராக்கியமா லேப்டாப்பைத் திறப்பேன், வைராக்கியமா மூடுவேன். அப்புறம் நானும் ஒரு சிநேகிதனும் ஒரு பந்தயம் வச்சோம், ராத்திரிக்குள்ள யாரு படுமோசமான பக்கத்தை எழுதறதுன்னு, ஜெயிச்சவன் தோத்தவனுக்கு அதை சத்தமா படிச்சுக் காட்டணும். முதல் நாளே நான் அபாரமா ஜெயிச்சேன். அந்த மோசமான பக்கங்களைத்தான் பின்னாடி திருத்தித் திருத்தி மூணாவது அத்தியாயம் ஆக்கினேன், இது என் கைடுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

எதிரணில ரெண்டாவதா பேசினவர் ஒரு நல்ல கேள்வி கேட்டாரு, ஒத்துக்கறேன். போன் ஆப்ல பாயிண்ட், பேட்ஜ் எல்லாம் குடுத்தும் ஜனங்க பத்தே நாள்ல விட்டுடறாங்களே, உங்க விளையாட்டுத்தனம் எங்க போச்சுன்னாரு. சார், அதுக்குப் பேரு விளையாட்டு இல்ல, கூலி. படம் வரையறதுல ஆசை இருந்த சின்னக் குழந்தைங்க கிட்ட ‘வரைஞ்சா சர்டிபிகேட் தருவோம்’னு முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருக்காங்க, 1973ல வந்த ஆய்வு அது. சர்டிபிகேட்டை வாங்கின அந்தக் குழந்தைங்க அப்புறம் தானா வரையற நேரம் மத்த குழந்தைங்களோட ஒப்பிட்டா பாதி அளவுக்கு ஆயிடுச்சு. வெளிலேர்ந்து தர்ற பரிசு ஆட்டத்தோட ருசியைத் தின்னுடுது. நாங்க பேசறது உள்ளேர்ந்து வர்ற குறும்பைப் பத்தி.

அடுத்து வர்றவர் என்ன கேப்பாருன்னும் தெரியும். ஆபரேஷன் பண்ற டாக்டர் விளையாடலாமா? பைலட் விளையாடலாமா? கூடாது சார், கத்தி கைல இருக்கும்போது கூடாது. ஆனா அந்தக் கை தையல் போடப் பழகும்போது வாழைப்பழத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் கிழிச்சு வச்சுத் தச்சுப் பார்த்த கையா இருக்கும். அந்த பைலட் சிமுலேட்டர்ல உக்காந்து எத்தனை தடவை விமானத்தைக் கீழ போட்டிருப்பாருன்னு அவரு கிட்டயே கேளுங்க…

இருங்க நடுவர் அவர்களே, மணில கை வைக்கறீங்க, தெரியுது. தீர்ப்பை எங்க பக்கம் சொல்லிடுங்க, எதிரணிக்குத் தோத்துப் பழகின மாதிரியும் இருக்கும்!