சின்னபாபு சமுத்திரத்தில் வண்டி நிற்கிறது

(எங்கள் மாதிரி ரயில் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. கேட்கத் தவறியவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள்.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஐயா அவர்களே, இந்தப் பள்ளி அரங்கை ஆறாவது ஆண்டாக வாடகை வாங்காமல் கொடுத்து, போன வருஷம் நாங்கள் உருக்கிய ஃபியூஸையும் மன்னித்த தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, "பத்தே நிமிஷம்" என்று சீட்டில் எழுதிக் கையில் திணித்த பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் சமோசாவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் ஐயாவுக்கு இன்னொரு தனி வணக்கம். அரக்கோணத்திலிருந்து மின்சார ரயிலில், அதுவும் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கார் அனுப்புகிறோம் என்றோம். ரயில்காரன் காரில் வந்தால் அசிங்கம் என்று சொல்லிவிட்டார்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று, இந்த வருஷம் நம் நடுவில் இல்லாத கார்டு சார். இரண்டு, இளைஞர்கள் ஏன் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை என்பது. மூன்று, ராயபுரம். ராயபுரம் என்றதும் செயலாளர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பதறாதீர்கள், கார்டு சார் நன்றாக இருக்கிறார். குரோம்பேட்டையில்தான் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதினான்கு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். மேடையில் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தரவு. 2022-இல் ரயில்வே 'கார்டு' என்ற பதவிப் பெயரை 'டிரெயின் மேனேஜர்' என்று மாற்றியபோது அவர் சொன்னார்: "நான் மேனேஜராக ரிட்டயர் ஆகலப்பா, கார்டாத்தான் ஆனேன்." அதனால் நமக்கு அவர் கார்டு சார்தான்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும். வீட்டில் நான் இந்தப் பழமொழியை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். இங்கே நீங்கள் எழுந்து போக முடியாது. மாதா மாதம் கார்டு சார் வருவார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுண்டல், ஒரு மஞ்சள் பையில் திருப்புளி. யாருடைய எஞ்சின் ஓடவில்லையோ அவர் பக்கத்தில் போய் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். சக்கரத்தைத் தன் வேட்டி நுனியால் துடைத்துத் தண்டவாளத்தில் வைப்பார். ஓடும். இப்போது நம்மிடம் கிளீனிங் திரவம் நாலு வகை இருக்கிறது. எஞ்சின் நின்றால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறோம். பக்கத்தில் போய் உட்காரத்தான் ஆள் இல்லை.

அவருடைய லேஅவுட்டை, அதாவது மாதிரி ரயில் ஓடும் பலகையை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பாதை 1879-இல் போட்டது. அதில் வளவனூருக்கு அடுத்த ஸ்டேஷன் சின்னபாபு சமுத்திரம். மீட்டர் கேஜ் காலத்தில், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருந்த காலத்தில், இருந்த அந்த ஸ்டேஷனை ஆறடிப் பலகையில் கொண்டுவந்தார். ஸ்லீப்பர் கட்டை எல்லாம் தீக்குச்சி. பனைமரம் விளக்குமாற்றுக் குச்சி. பெட்டி ஜன்னலுக்குக் கண்ணாடி, அவருடைய சொந்த முழங்கால் எக்ஸ்ரே. ஜல்லிக்கு முதலில் ரவையை வறுத்து மசியில் நனைத்துப் போட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் எறும்புகள் ஜல்லியை வரிசையாகத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரி பக்கம் போய்க்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் சலித்த மணலுக்கு மாறினார்.

அந்தப் பலகையில் ஒரு சட்டம் உண்டு. ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி கிளம்ப வேண்டுமானால் டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். நிஜ ரயில்வேயில் நீல்ஸ் பால் டோக்கன் கருவி என்று இருந்தது. இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டுதான் வெளியே வரும். அந்தக் குண்டைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் எஞ்சினுக்கு நீட்டுவார்கள். அது அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் விழும்வரை இரண்டாவது குண்டு வராது. எதிர்வண்டி மோத வழியே இல்லை. கார்டு சார் ஒரு பழைய பேரிங்கிலிருந்து எஃகுக் குண்டை எடுத்து, ஆணியால் 'வள–சின்' என்று கீறி வைத்திருந்தார். அந்தக் குண்டு குழியில் விழுந்தால்தான் தண்டவாளத்துக்குக் கரண்ட் போகும்.

ஒரு பள்ளிக் கண்காட்சி. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், தலைமையாசிரியை அம்மா, இது இல்லை. சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய அதிகாரி. மாலை, பொன்னாடை, நாதஸ்வரம் எல்லாம் முடிந்து எங்கள் மேஜைக்கு வந்தார். சுவிட்சை அழுத்தினால் வண்டி கிளம்ப வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். அழுத்தினார். வண்டி அசையவில்லை. மறுபடி அழுத்தினார். கார்டு சார் நிதானமாகச் சொல்கிறார்: "டோக்கனைக் காணோம் சார். டோக்கன் இல்லாம வண்டி போகாது." நான் காதில் கிசுகிசுத்தேன், "சார், ஒரு ஒயரை நேரா குடுத்துடலாம், யாருக்குத் தெரியப் போகுது?" அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எதிர்ல வண்டி வந்தா நீ பொறுப்பா?" என்றார். எதிரில் எங்கே சார் வண்டி, மேஜை ஆறடிதான்!

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அதிகாரியின் உதவியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நாதஸ்வரக்காரர் சும்மா நிற்கப் பிடிக்காமல் இன்னொரு முறை மல்லாரியை எடுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் மேஜைக்கு அடியில் தவழ்கிறோம். கார்டு சார் மட்டும் தவழவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டாங் கிளாஸ் பசங்க மட்டும் முன்னால வாங்க" என்றார். ஒரு குட்டிப் பையனிடம், "தம்பி, பையிலே என்ன?" அவன் கால்சட்டைப் பையைக் கவிழ்த்தான். நாலு கோலி, ஒரு புளியங்கொட்டை, பாதி கடித்த கமர்கட், கூடவே 'வள–சின்'. பிசுக்கோடு. கார்டு சார் திட்டவில்லை. வேட்டி நுனியால் குண்டைத் துடைத்து அவன் கையிலேயே கொடுத்து, "நீதான் ஸ்டேஷன் மாஸ்டர், போடு" என்றார். பையன் போட்டான். பச்சைக் கொடியை அதிகாரி கையில் கொடுத்து, "இப்ப நீங்க கார்டு" என்றார். வண்டி கிளம்பியது. பத்திரிகைக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அதிகாரி மட்டும் போகவில்லை. அரை மணி நேரம் கொடி காட்டிக்கொண்டு நின்றார்.

நேரம் போய்விட்டது, தெரியும். பொருளாளர் இரண்டாவது சீட்டு அனுப்பியிருக்கிறார். இளைஞர்கள் விஷயத்தை அவர்களே சமோசாவுக்குப் பிறகு பேசட்டும். ராயபுரத்துக்கு வருகிறேன்.

கார்டு சார் ஏன் வரவில்லை? நம் மாதக் கூட்டம் நடப்பது இரண்டாவது மாடியில். முப்பத்தெட்டுப் படி, எண்ணியிருக்கிறேன். கைப்பிடி ஒரு பக்கம்தான். எக்ஸ்ரே எடுத்த முழங்காலோடு ஆறடிப் பலகை எப்படி ஏறும்? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பிய இடம் ராயபுரம். அந்தக் கட்டடம் இன்றும் தூண்களோடு நிற்கிறது. அதில் தரைத்தளத்தில் ஒரே ஓர் அறை கேட்கிறேன். எட்டு வருஷமாகக் கேட்கிறேன். புனேயில் ஜோஷி என்ற தனி மனிதர் தன் ஆசைக்காகச் சேர்த்த சின்ன ரயில்கள் 1998 முதல் பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக இருக்கின்றன. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்கிற ஊர் இது, பக்கத்திலேயே நிஜ எஞ்சின்களுக்கு ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. சந்தோஷம். வயதானவர்கள் தங்கள் பலகையைக் கொண்டுவந்து போட்டு, பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்ட ஓர் இடம்தான் நான் கேட்பது. 1931-இல் ஆரம்பித்த கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் 2004-இல் நின்றபோது நாம் கடைசி வண்டியில் போட்டோ எடுத்ததோடு சரி. நிழலின் அருமை வெயிலில்... சரி, சொல்லவில்லை.

படிதான் காரணம் என்று எட்டு மனுவில் ஏழாவதிலும் எட்டாவதிலும் எழுதியிருக்கிறேன். முழு உண்மை அது இல்லை. கடைசியாக அவர் வந்த அன்று, பிஸ்கட் டின்னை வெட்டிப் பற்றவைத்துச் செய்த ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினைக் கொண்டுவந்தார். கை நடுக்கத்தோடு ஏழு மாத வேலை. நான் வெர்னியர் என்ற அளவுக் கருவியை எடுத்துச் சக்கர இடைவெளியை அளந்தேன். 87-இல் ஒரு பங்கு அளவில் மீட்டர் கேஜ் பதினொன்றரை மில்லிமீட்டர் வர வேண்டும், அவர் ஒன்பதில் ஓட்டுகிறார். "ரெண்டரை மில்லிமீட்டர் குறையுது சார்" என்றேன், எல்லோர் முன்னாலும். அவர் சிரித்தார். எஞ்சினைத் துண்டில் சுற்றினார். வீட்டுக்குப் போய்த்தான் கணக்குப் போட்டேன். நான் ஓட்டும் அகலப் பாதை வண்டி, அதே அளவில் 19.3 மில்லிமீட்டரில் ஓட வேண்டியது. இருபது வருஷமாகப் பதினாறரையில் ஓட்டுகிறேன். என் குறை அவர் குறையைவிடப் பெரிது. அதை அவர் ஒரு நாளும் அளந்ததில்லை.

அன்று படியிறங்கும்போது இதை என் கையில் வைத்துவிட்டுப் போனார். பின்வரிசைக்குத் தெரிகிறதா? 'வள–சின்'. அவர் சட்டப்படி, இது என் பையில் இருக்கும்வரை அங்கே வண்டி கிளம்பாது.

மனு வாசலில் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குரோம்பேட்டை போகிறேன். ஆட்டோவில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். வெர்னியர் கொண்டுவர வேண்டாம். நன்றி, வணக்கம்.