'அமைதிப்படை' வாக்கு எண்ணிக்கைக் காட்சி: மணிவண்ணனின் எழுத்து

[திரையில்: சூலூர், திருச்சி ரோடு]

வணக்கமுங்க. கோயமுத்தூரிலிருந்து திருச்சி ரோட்டில் கிழக்கே போனால் சூலூர். மணிவண்ணன் பிறந்த ஊர். 'அவ்வை சண்முகி'யில் மாமி பின்னாலேயே சுற்றும் முதலியாராக, 'உள்ளத்தை அள்ளித்தா'வில் இரட்டை வேடத்தில் என்று நிறையப் பேருக்கு அவரைக் காமெடி நடிகராகத்தான் தெரியும். ஆனால் அவர் சினிமாவுக்குள் நுழைந்தது எழுதித்தான்.

'கிழக்கே போகும் ரயில்' பார்த்துவிட்டு பாரதிராஜாவுக்கு நீளமாக ஒரு கடிதம் போட்டார். அப்புறம் அவரிடமே உதவியாளராகச் சேர்ந்தார். 1980-ல் 'நிழல்கள்' கதை, அடுத்த வருஷம் 'அலைகள் ஓய்வதில்லை' வசனம். 1982-ல் 'கோபுரங்கள் சாய்வதில்லை' மூலம் இயக்குநர். 1984-ல் 'நூறாவது நாள்'. அதில் மொட்டைத் தலையும் சிவப்புக் கோட்டுமாக வந்து மிரட்டிய சத்யராஜ், இவருடைய கோவைக் கல்லூரிக் காலத்து நண்பர்.

[திரையில்: 1994, 'அமைதிப்படை']

சரி, விஷயத்துக்கு வருவோம். கோயிலில் சிதறு தேங்காய் பொறுக்கும் அமாவாசையை ஒரு அரசியல்வாதி சுயேச்சையாகத் தேர்தலில் நிறுத்துகிறார். அமாவாசை சத்யராஜ், அரசியல்வாதி மணிவண்ணன். வாக்கு எண்ணிக்கை நடக்கிறது. அமாவாசை நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறான். முன்னிலை நிலவரம் வர வர, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்கிறது. முதுகு சாய்கிறது. பேச்சில் இருந்த பணிவு கழன்று விழுகிறது. ஜெயித்ததும் பெயரே நாகராஜ சோழன் எம்.ஏ. என்று மாறிவிடுகிறது.

ஒருவன் அதிகாரத்துக்கு வருவதைப் பக்கம் பக்கமாக வசனம் வைத்துச் சொல்லியிருக்கலாம். மணிவண்ணன் ஒரு நாற்காலியில் முடித்தார். தமிழில் அரசியல் நையாண்டி எவ்வளவோ வந்திருக்கிறது. எனக்கு இதற்கு மேல் ஒன்று தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதியவர், இயக்கியவர் அவர்தான். நினைத்திருந்தால் அமாவாசை மாதிரி ஒரு வேஷத்தைத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். அதை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழிக்கிற ஆளைத் தான் எடுத்துக்கொண்டார். சிரிப்பு கிளம்புவது அந்த முழியிலிருந்துதான் என்று எழுதும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனியாகக் காமெடி டிராக் எதுவும் தேவைப்படவில்லை, கதையே சிரிக்க வைக்கிறது.

2013-ல் வந்த 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' அவர் இயக்கிய 50-வது படம். அதே வருஷம் ஜூன் 15-ல் காலமானார்.

[திரையில்: நாற்காலிக் காட்சி, சத்தம் இல்லாமல்]

இந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். இந்த முறை சத்யராஜை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர் முகத்தை மட்டும் பாருங்கள்.