மூத்த பிள்ளை மிச்சம் வைத்த கஞ்சி

வணக்கம் நேயர்களே. பிரசவப் பிரிவில் தாதியாக ரொம்ப காலம் இருந்தவள் நான். கர்ப்பிணிகளிடம் ஓயாமல் நான் பேசுவது, கருவில் தொற்றினால் குழந்தையின் செவித்திறனைப் பாதிக்கக்கூடிய ஒரு கிருமியைப் பற்றி: சைட்டோமெகலோ வைரஸ். வாயில் நுழையாவிட்டால் சிஎம்வி என்றே சொல்லுங்கள்.

"ஏற்கெனவே வந்துபோய்விட்டதாம் சிஸ்டர், இனி பயமில்லையே?" என்பார்கள். போனால்தானே! இது ஹெர்பீஸ் குடும்பத்துக் கிருமி. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுக்க உடம்பில் பதுங்கியிருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தால் தலைதூக்கும். அதோடு இதே கிருமியின் வேறொரு வகை புதிதாகவும் தொற்றலாம். முதல் தொற்றே கர்ப்ப காலத்தில் வந்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு தாயிடமிருந்து கருவுக்குப் போகிறது. மறுபடி வரும்போது அந்த ஆபத்து மிகவும் குறைவு, நூற்றில் ஒன்று என்ற அளவில்தான். ஆனால் நம் பக்கத்துப் பெண்களில் பெரும்பாலோருக்கு இது ஏற்கெனவே வந்திருப்பதால், அந்த ஒன்றை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்.

சரி, புதிதாக எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையிடமிருந்து. அதுவும் பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை. அங்கே ஒரு பொம்மை பத்து வாய்க்குப் போகும். பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் கிருமி வெளியேறும்.

உணவங்காடி நிலையத்தில் ஓர் அம்மாவைப் பார்த்தேன், வயிறும் பிள்ளையுமாக. மீன் கஞ்சியை வாயில் வைத்துச் சூடு பார்த்து, அதே கரண்டியால் மகனுக்கு ஊட்டினார். சூப்பான் கீழே விழுந்தது. எடுத்துத் தன் வாயில் சப்பிச் சுத்தம் செய்து கொடுத்தார். அவன் மிச்சம் வைத்த கஞ்சியையும் வழித்துச் சாப்பிட்டார். சாப்பாட்டை வீணாக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லாரும்! அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். யாரும் இதுவரை சொல்லவில்லை என்றார்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன்: எச்சில் வேண்டாம். கரண்டி தனி, கோப்பை தனி, பல்துலக்கி தனி. முத்தத்தை நெற்றியில் கொடுங்கள். டயப்பர் மாற்றினாலும் மூக்கைத் துடைத்தாலும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள். பாலர் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதேதான். ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அப்புறம் ஒன்றே ஒன்று: பிறந்த குழந்தை செவிப் பரிசோதனையில் தேறவில்லை என்றால், சிஎம்வி பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அதை 21 நாளுக்குள் எடுக்க வேண்டும். தாண்டிவிட்டால், கருவிலேயே தொற்றியதா, பிறந்தபின் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.