திரித்துவம்: நிசேயாவுக்கு முன்னாடி கொரிந்துவைப் பாருங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் ஒரே தேவன்ங்கறதுதான் திரித்துவம். "திரித்துவத்தை கி.பி. 325ல நிசேயாவுல கூடின பிஷப்புகள் சங்கத்துல ரோம ராஜா கான்ஸ்டன்டைன் கொண்டுவந்து திணிச்சாரு"ன்னு ஒரு பேச்சு இருக்கு இல்லையா? இதுக்கு நம்ம ஆளுங்க நேரா சரித்திரத்துக்குப் போயிடறாங்க. வேண்டாம். முதல்ல வேதத்தைத் திறங்க.

உபாகமம் 6:4ல ஒரு விரலை வெச்சுக்கோங்க. "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." யூதர்கள் காலையிலயும் சாயங்காலமும் சொல்ற விசுவாச அறிக்கை இது. இப்போ 1 கொரிந்தியர் 8:6. "பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு"ன்னு ஆரம்பிக்கிற பவுல், அதே மூச்சுல "இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு"ங்கறாரு. தேவன், கர்த்தர், ஒருவர். உபாகமத்துல இருக்கற அதே மூணு சொல்லு. அந்த அறிக்கைக்கு உள்ளேயே இயேசுவை வெச்சுப் பேசறாரு.

இடத்தையும் கவனிங்க. விக்கிரகத்துக்குப் படைச்சதைச் சாப்பிடலாமாங்கற கேள்விக்குத்தான் இங்க பதில் சொல்லிட்டிருக்காரு. அஞ்சாம் வசனத்துல "அநேக தேவர்கள், அநேக கர்த்தாக்கள்"னு மத்தவங்க கும்பிடறதைத் தள்ளிவிட்டுட்டு, அடுத்த வசனத்துல இதை எழுதறாரு. ரெண்டாவதா ஒரு தெய்வத்தைச் சேர்க்கற இடமே இல்ல இது. இந்த நிருபம் எழுதினது கி.பி. 55 வாக்குல. நிசேயாவுக்கு 270 வருஷம் முன்னாடி!

"பிதாதான் ஒரே தேவன்னு இதுலயே இருக்கே, அப்போ இயேசு தேவன் இல்லையே?"ன்னு மடக்குவாங்க. அப்படிப் பாத்தா, இயேசுதான் ஒரே கர்த்தர்னும் அதுலயே இருக்கு. அதனால பிதா கர்த்தர் இல்லைன்னு சொல்லுவாங்களா? அமைதியா இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்க.

இப்போ சரித்திரம். நிசேயாவுல பேசினது முக்கியமா குமாரனைப் பத்தி. குமாரன் படைக்கப்பட்டவர்னு ஆரியஸ்ங்கற சபை மூப்பர் சொன்னாரு. பிதாவும் குமாரனும் ஒரே சாராம்சம்னு சங்கம் சொல்லிச்சு. ராஜா திணிச்சதுன்னா அதோட முடிஞ்சிருக்கணும், இல்லையா? நடந்தது வேற. கான்ஸ்டன்டைனுக்கு 337ல ஞானஸ்நானம் கொடுத்ததே ஆரியஸை ஆதரிச்ச நிக்கோமேதியா பிஷப் எவுசேபியு. கான்ஸ்டன்டைனுக்கு அப்புறம் ஆண்ட அவரோட மகன் கான்ஸ்டன்டியஸ் ஆரியஸ் பக்கத்துக்காரங்களைத்தான் தாங்கினாரு. நிசேயாவுக்காக நின்ன பிஷப் அத்தனாசியஸ் அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டாரு. பிறகு 380ல தியோடோசியஸ் ராஜா நிசேயா பக்கம் ஆணை போட்டது உண்மைதான், அதை மறைக்காதீங்க. ஆனா அதுவரைக்கும் பல வருஷம் அரண்மனை எதிர்ப்பக்கம்தான் சாஞ்சிருந்துச்சு.

'1+1+1=3 தானே, எப்படி ஒரே தேவன்?'ங்கற கேள்வி சின்னது. மூணு தேவன்னு நாம சொல்லவே இல்ல. சாராம்சத்துல ஒண்ணு, ஆள்தத்துவத்துல மூணு. அதாவது, 'என்ன'ங்கறதுல ஒண்ணு, 'யார்'ங்கறதுல மூணு. ரெண்டு எண்ணும் ஒரே விஷயத்தை எண்ணல.

ரெண்டு விஷயத்தைத் தயவுசெஞ்சு விட்டுடுங்க. ஒண்ணு, தண்ணி-ஐஸ்-ஆவி உதாரணம். ஒரே ஆள் மூணு வேஷம் போடறதா ஆயிடும். சபை தள்ளின சபெல்லியஸ் போதனை அது. யோர்தான்ல குமாரன் தண்ணியிலிருந்து கரையேறும்போது ஆவியானவர் இறங்கறாரு, பிதா பேசறாரு. மூணு பேரும் ஒரே நேரத்துல. மத்தேயு 3:16, 17.

ரெண்டாவது, 1 யோவான் 5:7. "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்"னு நம்ம பழைய மொழிபெயர்ப்புல இருக்கு. ஆனா பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல அது கிடையாது. எராஸ்மஸ்ங்கற அறிஞர் அச்சடிச்ச கிரேக்கப் புதிய ஏற்பாட்டுல 1516லயும் 1519லயும் இல்ல, 1522 பதிப்புலதான் வருது. இதை ஆதாரமா வெச்சா, எதிராளி இதை உடைச்சதுமே மிச்சத்தையும் கேக்க மாட்டாரு. அந்த வசனம் இல்லாமலே திரித்துவம் நிக்கும்.

"பிதா என்னிலும் பெரியவர்"னு இயேசுவே சொன்னாரே, யோவான் 14:28ன்னு கேட்டா பிலிப்பியர் 2:6, 7க்குப் போங்க. தேவனுடைய ரூபமா இருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தாரு. அந்தத் தாழ்மையில நின்னு பேசற வார்த்தை அது.

ஆவியானவர் வெறும் சக்திதான்னு சொல்றவங்ககிட்ட அப்போஸ்தலர் 13:2ஐ வாசிக்கச் சொல்லுங்க. பர்னபாவையும் சவுலையும் "நான் அழைத்த ஊழியத்துக்காக"ப் பிரிச்சுவிடச் சொல்றாரு ஆவியானவர். "நான்"னு பேசறாரு, கூப்பிடறாரு, அனுப்பறாரு. 5:3, 4ஐயும் சேர்த்து வாசிங்க: அனனியா பரிசுத்த ஆவியினிடத்தில் பொய் சொன்னான், அதையே தேவனிடத்தில் சொன்ன பொய்னு பேதுரு சொல்றாரு.