வாழைமர நோட்டும் வெள்ளைச் சட்டைகளும்

(பிப்ரவரி 15 மாலை, சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்த நோட்டைக் கொஞ்சம் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அப்புறம் கைமாற்றி அனுப்புகிறேன். பத்து வெள்ளி. வாழைமரப் படம் போட்டிருக்கும். ஜப்பானியர் காலத்து நோட்டு. மடித்த இடத்தில் கிழிந்துபோனதை என் பாட்டி சோற்றுப் பசை தடவி ஒட்டியிருக்கிறார். 1945இல் ஜப்பான் சரணடைந்த அன்றே இது வெறும் காகிதம். ஒரு காசுக்குக்கூட ஆகாத தாளை எதற்குப் பசை போட்டு ஒட்டி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, சாகும்வரை பாதுகாத்தார்?

பாட்டி ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அண்ணனை ஜப்பானியர்கள் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில்பாதை போட அழைத்துப் போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி, முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று சொன்னார்களாம். லயத்து வாசலில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு முன்னால், லாரி நின்றது. அண்ணன் முன்பணமாக வாங்கிய நோட்டைத் தங்கை கையில் வைத்து, "அரிசி வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். அந்த நோட்டுதான் இது. பாட்டி அரிசி வாங்கவில்லை. அண்ணனும் திரும்பவில்லை.

அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். காஞ்சனாபுரிக்குச் சுற்றுலா போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன். அங்கே அதே பாதையில் வேலை செய்து செத்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே அடக்கம். வெட்டிவிட்ட புல், வரிசை தப்பாத கற்கள். ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே நடந்தேன். பெயர், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் அம்மா அப்பா எழுதிய ஒரு வரியும் இருக்கிறது. அந்தப் பையன்களுக்காகவும் அழுதேன், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. ஆனால் மலாயாவிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தான் இருக்கின்றன. முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை. என் பாட்டியின் அண்ணன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர் இருந்ததற்கு எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது இந்தத் தாள் மட்டும்தான்.

போரைத் தொடங்குகிறவர்கள் சாவுக்குக் கணக்கு வைப்பதில்லை. அதை நாம்தான் வைக்க வேண்டும். வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாமல், முடிவெடுப்பவர்களின் வாசலுக்குப் போய் உட்கார வேண்டும். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

இன்று பிப்ரவரி 15. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த நாள். அதே தேதியில், 2003இல், ஈராக் மீது போர் வேண்டாம் என்று உலகெங்கும் 600க்கும் மேற்பட்ட நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ரோமில் மட்டும் முப்பது லட்சம் பேர் என்றார்கள். லண்டனில் பத்து லட்சம். ஐந்தே வாரத்தில், மார்ச் 20 அன்று, அமெரிக்காவும் பிரிட்டனும் போரைத் தொடங்கிவிட்டன. ஈராக்கிடம் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. 2016இல் பிரிட்டனின் சில்காட் விசாரணைக் குழு, அமைதியான வழிகள் எல்லாம் தீர்வதற்கு முன்பே போருக்குப் போனார்கள் என்று எழுதியது. அதைத்தான் 13 வருடங்களுக்கு முன் ரோமிலும் லண்டனிலும் நடந்த சாதாரண மக்கள் சொன்னார்கள்.

நம் நாட்டைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 1983இல் அமெரிக்கப் படை கிரெனடா என்ற சின்னத் தீவுக்குள் நுழைந்தபோது, ஐநா பொதுச் சபையில் அதைக் கண்டித்த தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. நண்பன் செய்தாலும் தப்பு தப்புதான் என்று நின்றோம். சின்ன நாட்டுக்குச் சட்டம்தான் கவசம், அதனால் அது சரியான வாக்கு. 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்ததும் நாமே தடைகள் விதித்தோம். அதுவும் சரி. நடுவில் 2003இல் மட்டும், ஐநா பாதுகாப்பு மன்றத்தின் தெளிவான அனுமதி இல்லாமல் தொடங்கிய ஒரு போரில், அமெரிக்கா சேர்த்த கூட்டணி நாடுகளின் பட்டியலில் நம் பெயரும் இருந்தது. பிறகு நம் கப்பலும் விமானங்களும் வளைகுடாவுக்குப் போயின. நம் வீரர்கள் அங்கே சுடப் போகவில்லை, தெரியும். சரக்கு ஏற்றினார்கள், விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பினார்கள். நல்லபடியாகத் திரும்பியும் வந்தார்கள், அதற்கு நன்றி. ஆனாலும் அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். கிரெனடாவுக்கு ஒரு நியாயம், பாக்தாத்துக்கு இன்னொரு நியாயமா?

என் மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய தமிழ் முரசு பேப்பரை விரித்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவான். வீடெல்லாம் அந்த வாசனை. நாட்டைக் காக்க அவன் போவதில் எனக்குப் பெருமைதான். அதனால்தான் கேட்கிறேன். பிள்ளையைக் கொடுக்கிற வீட்டுக்கு, எந்தப் போர் சரி, எந்தப் போர் தப்பு என்று கேட்கிற உரிமையும் உண்டு.

கேட்டால் நடக்குமா, பத்து லட்சம் பேர் நடந்தே ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்வீர்கள். லைபீரியாவில் ஆனது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. 1989இலிருந்து உள்நாட்டுப் போர், இரண்டு லட்சத்துக்கும் மேல் சாவு. பத்து வயதுப் பையன்கள் கையில் துப்பாக்கி. 2003 ஏப்ரலில் தலைநகர் மன்ரோவியாவில் பெண்கள் மீன் சந்தைப் பக்கத்துத் திடலில் போய் உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணி, நகை இல்லை. தேவாலயத்துப் பெண்களும் பள்ளிவாசல் பெண்களும் ஒன்றாக. அந்த இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்: அதிபர் சார்ல்ஸ் டெய்லரின் கார் வரிசை அந்தச் சாலை வழியாகத்தான் போகும். ஒவ்வொரு தடவை போகும்போதும் அவர் இவர்களைப் பார்த்தாக வேண்டும். வெயில், அப்புறம் மழை. ஒருநாள் கூடிக் கலைந்துவிடவில்லை, மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும். தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைப்பு வரும். பையைக் கீழே வைத்துவிட்டு நான் அப்படி உட்காருவேனா?

டெய்லர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்தார். பேச்சு கானா நாட்டில் நடந்தது. வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். தலைவர்கள் நல்ல ஹோட்டலில் தங்கி யாருக்கு எந்தப் பதவி என்று பேரம் பேச, அங்கே மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் அங்கேயும் போனார்கள். ஜூலையில் ஒருநாள், கூட்டம் நடந்த அறை வாசலில் கைகோத்து உட்கார்ந்து, ஒப்பந்தம் ஆகாமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது, பெண்களை வழிநடத்திய லேமா போவி தன் உடையைக் களையப் போவதாகச் சொன்னார். ஒரு தாய் அப்படிச் செய்வது அங்கே பெரிய சாபம். வந்தவர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 11 டெய்லர் பதவி விலகினார், 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வேறு காரணங்களும் இருந்தன. வெளிநாடுகள் அழுத்தம் கொடுத்தன, கிளர்ச்சிப் படைகளும் நெருங்கி வந்திருந்தன. ஆனால் அந்த அறைக்குள் அவசரத்தைக் கொண்டுபோனது அந்தப் பெண்கள். 2011இல் லேமா போவிக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து காணாமலாக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் சாலையோரத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். மடியில் மகன் படம், மகள் படம். பதில் தெரியாமலே பல அம்மாக்கள் இறந்துவிட்டார்கள். அந்தப் படங்கள்தான் அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஈராக்கிலும் அப்படித்தான். இறந்த பொதுமக்களைச் செய்தி செய்தியாகத் தேடி எண்ணும் வேலையை 2003இல் தொடங்கியவர்கள் எந்த அரசாங்கமும் இல்லை, ஒரு சில தன்னார்வலர்கள்.

சரி, இங்கே நாம் என்ன செய்வது? தெருவில் இறங்குவதற்கு இங்கே சட்டம் வேறு. ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் சதுக்கம் இருக்கிறது, அதற்கும் விதிமுறைகள் உண்டு. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு இருக்கிறதே! வீட்டுக் கூரை ஒழுகினால் வரிசையில் உட்கார்ந்து சொல்கிறோம். ஐநாவில் நம் நாடு எப்படி வாக்களித்தது, ஏன் என்றும் அதே வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். ஒருதடவை கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அடுத்த மாதமும் போங்கள்.

மணி ஆறேகால் ஆகப்போகிறது. 6.20க்கு, 1942இல் சரணடைந்த நேரத்தில், வருடா வருடம் போலத் தீவு முழுக்கச் சங்கு ஒலிக்கும். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். கதவுக்குப் பக்கத்து மேசையில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால் பெயர், ஊர், எந்தத் தோட்டம் என்று எழுதுங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் வீட்டில் கூப்பிட்ட பெயரை எழுதுங்கள். முதல் பக்கத்தில் என் பாட்டியின் அண்ணன் இருக்கிறார். பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது.